மறுப்புக் கடிதத்துக்குப் பிறகு: அமெரிக்க இயலாமை உதவித்தொகையும் வழக்கறிஞர்களும்

2003 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமான ஜி.ஏ.ஓ. ஓர் அறிக்கை வெளியிட்டது. உடல்நலமோ மனநலமோ குலைந்து வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு அந்நாட்டு அரசு தரும் உதவித்தொகை பற்றியது அது. விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டு விசாரணை வரை போனவர்களின் 1997 முதல் 2000 வரையிலான வழக்குகளை அந்த அலுவலகம் ஆராய்ந்தது. முடிவைப் பாதிக்கக்கூடிய மற்றக் காரணங்களையும் கணக்கில் எடுத்த பிறகு கிடைத்த விடை இது: வழக்கறிஞர் இல்லாமல் விசாரணைக்குப் போன கறுப்பின மக்களுக்கு, அதே போல வழக்கறிஞர் இல்லாமல் போன வெள்ளையர்களைவிட உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. வழக்கறிஞரோடு போனவர்களிடையே அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை.

தோழர்களே, இதை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். அதே சட்டம், அதே விசாரணை அறை, அதே வகை நீதிபதிகள். பக்கத்து நாற்காலியில் சட்டம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து நிறம் கணக்கில் வந்தது, அல்லது வராமல் போனது. ஏன் இப்படி நடந்தது என்று அறிக்கை அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்குள் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கறுப்பின மக்களின் போராட்டத்தை நாம் படிப்பது புதிய வழக்கமல்ல. 1946இலேயே அண்ணல் அம்பேத்கர், ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் தங்கள் குறையை எந்த மன்றத்தில், எந்த வடிவில் எழுதி வைத்தார்கள் என்பதுதான் அண்ணலுக்குத் தேவைப்பட்டது. நமக்கும் அதுவே தேவை.

சல்லடையின் ஓட்டைகள்

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தானது. முதியோர் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் அதில் வந்தன. ஆனால் அந்தக் காப்பீடுகளிலிருந்து விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் விலக்கி வைக்கப்பட்டார்கள். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லை. தொழிலின் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் தெற்கு மாநிலங்களில் பருத்திக் காட்டில் குனிந்து நின்றது யார், வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் நின்றது யார் என்று எல்லோருக்கும் தெரியும். கறுப்பின உழைப்பாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெளியே நின்றார்கள்.

சட்டம் மசோதாவாக இருந்தபோதே இதைச் சுட்டிக்காட்டியவர் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன். 1935இல் செனட் நிதிக்குழு முன் சாட்சியம் சொன்ன அவர், இந்த மசோதா ஒரு சல்லடை, கறுப்பின மக்களில் பெரும்பாலோர் விழுந்துவிடும் அளவுக்குச் சரியாக ஓட்டை போட்ட சல்லடை என்றார். இந்த விலக்கு இனவெறியால் வந்ததா, வரி வசூலிக்கும் சிக்கலால் வந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். விளைவைப் பற்றி வாதமில்லை. தொழிலைச் சொல்லி மக்களைத் தள்ளி வைக்கும் வித்தை நமக்குப் புதிதா என்ன? 1950, 1954 திருத்தங்களுக்குப் பிறகுதான் அந்த உழைப்பாளிகளில் பெரும்பாலோர் சட்டத்துக்குள் வந்தார்கள்.

'எந்த வேலையும்' என்ற சொல்

உழைக்க முடியாமல் போனவர்களுக்கான இயலாமைக் காப்பீடு 1956இல் வந்தது. செனட்டில் 47க்கு 45 என்ற வாக்கில் தப்பிப் பிழைத்த திட்டம் அது. முதலில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 1960இல் அந்த வயது வரம்பு நீங்கியது. போதிய அளவு காப்பீட்டு வரி செலுத்தாத ஏழைகளுக்கென 1972இல் எஸ்.எஸ்.ஐ. என்ற தனித்திட்டம் சட்டமானது. 1974 ஜனவரியில் பணம் வரத் தொடங்கியது.

சிக்கல் வரையறையில் இருக்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியவில்லை என்று காட்டினால் போதாது. நாட்டில் கணிசமான எண்ணிக்கையில் உள்ள வேறு எந்த வேலையையும் செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். குறைந்தது 12 மாதம் நீடிக்கும் அல்லது மரணத்தில் முடியும் என்று மருத்துவச் சான்றோடு காட்ட வேண்டும். மூட்டை தூக்கி முதுகு போனவரிடம், 'உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறதே' என்று சொல்ல இந்த வரையறை இடம் கொடுக்கிறது. அந்த வேலை அவர் ஊரில் இருக்கிறதா, அவரை யாராவது வேலைக்கு எடுப்பார்களா என்பதெல்லாம் கணக்கில் வராது.

முதல் முடிவை எடுப்பது மாநில அரசின் ஓர் அலுவலகம். கோப்பைப் பார்த்து முடிவு செய்வார்கள், பெரும்பாலும் ஆளைப் பார்ப்பதில்லை. தோராயமாக மூன்றில் இரண்டு விண்ணப்பங்கள் இங்கேயே மறுக்கப்படுகின்றன. பிறகு மறுபரிசீலனை. அதுவும் கோப்பு வழியேதான், அங்கேயும் பெரும்பாலோருக்கு மறுப்புதான். மூன்றாவது படியில்தான் நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் முன் விசாரணை நடக்கிறது. விண்ணப்பதாரர் வாய் திறந்து பேசும் முதல் இடம் அதுவே. அங்கே ஏறத்தாழப் பாதிப்பேர் வெல்கிறார்கள். அதற்கு மேல் மேல்முறையீட்டு மன்றம், அதற்கும் மேல் கூட்டாட்சி நீதிமன்றம். ஒவ்வொரு படிக்கும் கெடு 60 நாள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் மறுப்போடு வீட்டுக்குத் திரும்பியவருக்கு அந்த விசாரணை அறை இருப்பதே தெரியாமல் போகலாம். 'அரசாங்கமே இல்லை என்று சொல்லிவிட்டது' என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறவர்களின் மௌனத்தில்தான் அதிகாரவர்க்கம் மிச்சம் பிடிக்கிறது.

மூன்று வழக்குகள்

அந்த விசாரணை அறையின் மதிப்பு என்ன என்பதை 1970களின் மூன்று வழக்குகள் தீர்மானித்தன.

முதலாவது கோல்ட்பர்க் எதிர் கெல்லி, 1970. நியூயார்க் நகரில் பொது உதவித்தொகை பெற்று வந்த ஜான் கெல்லி உள்ளிட்ட ஏழைகள், விசாரணையே இல்லாமல் பணத்தை நிறுத்துவது செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். அது உதவித்தொகை பெறும் தாய்மார்கள் அமைப்பாகத் திரண்ட காலம். கறுப்பினத் தாயான ஜானி டில்மன் போன்றோர் தேசிய உதவித்தொகை உரிமைச் சங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்வர்ட் ஸ்பேரர் போன்ற வழக்கறிஞர்கள் ஏழைகளுக்கான சட்டத்தை ஒரு தனித்துறையாகவே வளர்த்தெடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏழைகள் பக்கம் நின்றது. பணத்தை நிறுத்துவதற்கு முன்பே விசாரணை நடத்த வேண்டும் என்றது. எழுத்தில் மனு கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்கு நீதிபதி பிரென்னன் தந்த பதில் முக்கியமானது: உதவி பெறுவோரில் பலருக்கு நன்றாக எழுதும் அளவுக்குக் கல்வி கிடைத்ததில்லை, எழுதித் தரப் பணம் கொடுத்து ஆள் வைக்கவும் முடியாது, ஆகவே அவர்கள் வாயால் சொல்ல வாய்ப்பு வேண்டும். விரும்பினால் வழக்கறிஞரை அழைத்து வரலாம் என்றும் தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்த வழக்கறிஞரை அரசு ஏற்பாடு செய்து தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. கதவைத் திறந்துவிட்டு, படிக்கட்டை நீயே கட்டிக்கொள் என்று சொன்னது போல.

இரண்டாவது ரிச்சர்ட்சன் எதிர் பெராலெஸ், 1971. டெக்சாஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த பெட்ரோ பெராலெஸ் லாரி ஓட்டுநர். 1965இல் வேலையில் பாரம் தூக்கும்போது முதுகில் அடிபட்டது. இனி வேலை செய்ய முடியாது என்று அவருடைய மருத்துவர் விசாரணையில் நேரில் வந்து சாட்சி சொன்னார். அரசுத் தரப்பு மருத்துவர்கள் வரவில்லை, அவர்களின் அறிக்கைகள் மட்டும் வந்தன. காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? செய்ய முடியாவிட்டாலும் அந்த அறிக்கைகளின் மேல் தீர்ப்பு எழுதலாம் என்று 6க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மருத்துவர்களுக்கு அழைப்பாணை அனுப்பக் கேட்கும் உரிமை பெராலெஸ் தரப்புக்கு இருந்தது, அவர்கள் கேட்கவில்லை. கேட்காத உரிமை நமக்கு எதிராகவே எழுதப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

மூன்றாவது மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ், 1976. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் எல்ட்ரிட்ஜ் 1968இலிருந்து இயலாமை உதவித்தொகை பெற்று வந்தார். 1972இல் அது நிறுத்தப்பட்டது. கெல்லிக்குக் கிடைத்த முன்விசாரணை எனக்கும் வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் மறுத்தது. இயலாமை என்பது மருத்துவக் கோப்பைப் பார்த்து முடிவு செய்யும் விஷயம், அதில் நேரில் பேசி ஆகப்போவது குறைவு, இது ஏழ்மையை வைத்துத் தரும் உதவியும் அல்ல, எனவே விசாரணை பின்னால் நடந்தால் போதும் என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பிரென்னன் ஓர் உண்மையைப் பதிவு செய்தார். பணம் நின்றதால் எல்ட்ரிட்ஜின் வீடு கடனுக்குப் போனது, வீட்டுச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் படுக்க வேண்டி வந்தது. அந்த மாறுபட்ட தீர்ப்பில் சேர்ந்து கையெழுத்திட்டவர் தர்குட் மார்ஷல், சார்லஸ் ஹூஸ்டனின் மாணவர், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

'கோப்பு பேசும், ஆள் பேச வேண்டியதில்லை' என்ற நம்பிக்கையின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அது. அந்த நம்பிக்கை என்ன ஆனது என்று அடுத்த ஐந்தாண்டுகளிலேயே தெரிந்துவிட்டது.

1981: லட்சக்கணக்கில் கடிதங்கள்

உதவி பெறுவோரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று 1980இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 1981இல் பதவிக்கு வந்த ரீகன் அரசு, செலவைக் குறைக்கும் அவசரத்தில், குறித்த நாளுக்கு முன்பாகவே மார்ச்சில் அதைத் தொடங்கியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு 'இனி உங்களுக்குத் தகுதியில்லை' என்ற கடிதம் போனது. நோய் குணமாகியிருக்கிறதா என்று காட்டும் பொறுப்பை அரசு ஏற்கவில்லை. ஏற்கனவே தகுதியானவர் என்று முடிவு செய்யப்பட்டவரை, புதிதாக விண்ணப்பித்தவரைப் போல மீண்டும் நிறுத்தினார்கள்.

ராய் பெனவிடெஸ் என்ற பெயரை அறிந்துகொள்ளுங்கள். சிறுவயதில் பெற்றோரை இழந்து, பருத்தி பொறுக்கி வளர்ந்த டெக்சாஸ் மெக்சிக வம்சாவளி மனிதர். வியட்நாம் போரில் உடலெங்கும் குண்டுச் சிதறல்களோடு திரும்பியவர். 1981 பிப்ரவரியில் ரீகன்தான் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அணிவித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983இல், நீங்கள் வேலை செய்யத் தகுதியானவர் என்று அவருடைய உதவித்தொகையை நிறுத்தினார்கள். அவர் நாடாளுமன்றக் குழு முன் வந்து சாட்சி சொன்னார். பதக்கம் வாங்கியவருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாதவர்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

மிக அதிகமாக அடிபட்டவர்கள் மனநோயால் பாதிக்கப்பட்டவர்கள். கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவோ, 60 நாளுக்குள் பதில் எழுதவோ இயலாதவர்கள் அவர்களில் பலர். இங்கேதான் ஏழைகளுக்கான சட்ட உதவி வழக்கறிஞர்களின் வேலை வரலாறாக மாறுகிறது. தனித்தனியாக மேல்முறையீடு செய்துகொண்டிருந்த அவர்கள், கோப்புகளை அடுக்கிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே அச்சு தெரிந்தது. 50 வயதுக்குட்பட்ட மனநோயாளி ஒருவரின் நோய் அரசின் பட்டியலில் சொன்ன அளவுக்குக் கடுமையாக இல்லையென்றால், அவரால் எளிய வேலை செய்ய முடியும் என்று ஆளை ஆராயாமலே முடிவு கட்டும் ஓர் உள்விதி இருந்தது. சட்டத்தில் இல்லாத, எங்கும் வெளியிடப்படாத விதி. நியூயார்க் நகரமும் மாநிலமும்கூட வாதிகளாகச் சேர்ந்து வழக்கு நடந்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசு தன் விதியை மறைத்து வைத்திருந்தபோது, 60 நாள் கெடுவுக்குள் வரவில்லை என்று மக்களைத் தண்டிக்க முடியாது என்றது.

அதற்கு முன்பே தெருவிலும் சட்டமன்றங்களிலும் கொதிப்பு பரவியிருந்தது. பல மாநில ஆளுநர்கள், நீக்கக் கடிதங்களை இனி அனுப்ப மாட்டோம் என்று மறுத்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்கள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு மேல் தீர்ப்பு கொடுத்தன. அரசோ, அந்தத் தீர்ப்பு அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குப் பழைய விதிதான் என்று சாதித்தது. அதிகம் பேருக்கு உதவித்தொகை வழங்கிய நிர்வாக நீதிபதிகளைத் தனியே கண்காணித்தது. அந்த நீதிபதிகளே வழக்குப் போட வேண்டி வந்தது. கடைசியில் 1984இல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. கீழவையில் 402க்கு 0, செனட்டில் 99க்கு 0. உடல்நிலை தேறியிருக்கிறது என்பதற்குச் சான்று இல்லாமல் உதவியை நிறுத்தக்கூடாது என்று அச்சட்டம் சொன்னது. நீக்கப்பட்டவர்களில் சுமார் 2 லட்சம் பேர் மேல்முறையீட்டில் தங்கள் உதவித்தொகையைத் திரும்பப் பெற்றார்கள்.

எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழாத அந்தச் சட்டம் யாருடைய கருணையாலும் வரவில்லை. மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'ஒப்புக்கொள்ள மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்த லட்சக்கணக்கானவர்களால் வந்தது.

ஒரு குழந்தையின் வழக்கு

பிலடெல்பியாவில் பிரையன் ஸெப்லி என்ற குழந்தைக்கு மூளையில் பாதிப்பு. உதவித்தொகை நிறுத்தப்பட்டது. பெரியவர்களின் நோய் அரசுப் பட்டியலில் இல்லாவிட்டாலும் அவர்களால் என்ன செய்ய முடிகிறது என்று தனியே பார்ப்பார்கள். குழந்தைகளுக்கோ பட்டியலில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்நகரின் சட்ட உதவி மையமான கம்யூனிட்டி லீகல் சர்வீஸஸ் இதை எல்லாக் குழந்தைகளுக்குமான கூட்டு வழக்காக நடத்தியது. 1990இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று குழந்தைகள் பக்கம் தீர்ப்பளித்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விண்ணப்பங்கள் மறுபடியும் பரிசீலனைக்கு வந்தன.

ஆண்ட வர்க்கம் இந்தப் பாடத்தை நம்மைவிட வேகமாகப் படித்தது. 1996இல் குழந்தைகளுக்கான விதி சட்டத்தால் மீண்டும் இறுக்கப்பட்டது. அதே ஆண்டில், மத்திய அரசின் சட்ட உதவி நிதி பெறும் மையங்கள் கூட்டு வழக்கு நடத்தவே கூடாது என்று தடை வந்தது. தனி ஆளுக்கு வாதாடலாம், கூட்டமாக வாதாடக்கூடாது! எந்த ஆயுதம் தங்களைக் காயப்படுத்தியது என்று அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது.

அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்கிறார்?

இப்போது முதலில் வைத்த கேள்விக்கு வருவோம். விசாரணை அறையில் வழக்கறிஞர் அப்படி என்னதான் செய்கிறார்?

முதலில் கெடுவைக் காப்பாற்றுகிறார். நின்றுபோன உதவித்தொகை மேல்முறையீட்டுக் காலத்திலும் தொடர்ந்து வரவேண்டுமென்றால் 60 நாள் காத்திருக்கக் கூடாது, 10 நாளுக்குள் கேட்க வேண்டும். இது தெரியாமல் இழந்தவர்கள் பலர்.

அடுத்து, கோப்பை நிரப்புகிறார். 'முதுகு வலி, வேலை செய்ய இயலாது' என்று மருத்துவர் ஒற்றை வரி எழுதினால் அதற்கு மதிப்பில்லை. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், எத்தனை கிலோ தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் படுத்துவிடுவார் என்று எழுதி வாங்க வேண்டும். விசாரணைக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே அதை ஒப்படைக்கவும் வேண்டும்.

பிறகு கேள்வி கேட்கிறார். பல விசாரணைகளில் தொழில் வல்லுநர் ஒருவர் அரசின் அழைப்பில் வந்து, இவரால் இன்ன வேலை செய்ய முடியும், அப்படி இத்தனை ஆயிரம் வேலைகள் நாட்டில் உள்ளன என்று சொல்வார். அதற்கு ஆதாரமாக இருப்பது 1991க்குப் பிறகு முழுமையாகப் புதுப்பிக்கப்படாத ஒரு தொழில் அகராதி. நடைமுறையில் மறைந்துபோன தொழில்களையும் காட்டி ஆட்களை அனுப்பி வைத்தார்கள். 2024இல்தான் அப்படிப்பட்ட 114 தொழில்களை இனி பயன்படுத்த மாட்டோம் என்று அந்த நிர்வாகம் அறிவித்தது. எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று வல்லுநரிடம் கேட்க வேண்டும் என்பதே தனியாகப் போகும் ஒரு கட்டடத் தொழிலாளிக்குத் தெரியாது. கேட்டாலும் தரவைக் காட்ட மறுக்கலாம் என்று 2019இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கேட்டு, மறுத்ததைப் பதிவு செய்துவிட்டால், மேல் நீதிமன்றத்தில் வாதிட அது ஒரு பிடி.

ஜி.ஏ.ஓ. கண்ட வேறுபாட்டை நாம் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். கோப்பில் வெற்றிடம் இருக்கும்போது, எதிரில் இருப்பவரின் தோற்றம், பேச்சு, நிறம் பற்றி நீதிபதியின் மனதில் ஏற்கனவே உள்ள எண்ணம் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. 'வலிப்பதாக நடிக்கிறார்', 'சோம்பேறி' என்ற சந்தேகம் யார்மேல் எளிதாக விழும் என்று நாம் அறிவோம். கோப்பு நிரம்பியிருந்தால், மறுப்பதற்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை மேல் நீதிமன்றம் பார்க்கும். வழக்கறிஞர் நீதிபதியின் மனதை மாற்றுவதில்லை. முன்முடிவு உட்காருவதற்கு இடமில்லாமல் செய்கிறார்.

கட்டணத்தையும் சொல்ல வேண்டும். வென்றால்தான் வழக்கறிஞருக்குப் பணம். நிலுவைத் தொகையில் நான்கில் ஒரு பங்கு அல்லது அரசு விதித்த உச்சவரம்பு, எது குறைவோ அது. 2024 நவம்பர் இறுதியில் அந்த வரம்பு 9,200 டாலராக இருந்தது. கையில் காசில்லாதவரும் வழக்கறிஞரை அமர்த்த முடிவது இதனால்தான். இதன் மறுபக்கம், வெல்லாது என்று தோன்றும் வழக்கை அவர்கள் தொடுவதில்லை. மிக ஏழைகளுக்கான எஸ்.எஸ்.ஐ. வழக்குகளில் கட்டணத்தை நிலுவையிலிருந்து நேரடியாகப் பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அதுவரை அந்த மக்களுக்கு வழக்கறிஞர் கிடைப்பது இன்னும் கடினம்.

வழக்கறிஞரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். கென்டக்கியின் மலைப்பகுதியில் எரிக் கான் என்ற வழக்கறிஞர், நீதிபதி ஒருவருக்கு லஞ்சம் கொடுத்து, மருத்துவ அறிக்கைகளைப் போலியாகத் தயாரித்து ஆயிரக்கணக்கான வழக்குகளை வென்றார். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டைவிட்டு ஓடி, ஹோண்டுராஸில் பிடிபட்டார். தண்டனை அவரோடு நிற்கவில்லை. உண்மையிலேயே நோயுற்றிருந்த ஏழைகள் உட்பட, அவருடைய கட்சிக்காரர்கள் 1,500க்கும் மேற்பட்டோர் தங்கள் தகுதியை மறுபடியும் நிரூபிக்க வேண்டி வந்தது. அப்போது கட்டணம் வாங்காமல் வந்து நின்றதும் வழக்கறிஞர்கள்தான். மோசடி என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தராமல் அவர்களின் சான்றுகளை ஒதுக்கியது தவறு என்று 2018இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காத்திருந்தவர்கள்

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக முடிக்க முடியாது. 2020இல் ஜி.ஏ.ஓ. இன்னொரு கணக்கை வெளியிட்டது. 2008 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் மேல்முறையீடு செய்தவர்களில் 1,09,725 பேர் இறுதி முடிவு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். 2014 முதல் 2019 வரை சுமார் 48,000 பேர் காத்திருந்த காலத்தில் திவாலானார்கள். எல்ட்ரிட்ஜ் குடும்பம் படுத்த அந்த ஒற்றைக் கட்டில் இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது. வென்ற உரிமைக்கும் கைக்கு வரும் பணத்துக்கும் இடையில் காலம் என்ற இன்னொரு சுவர் இருக்கிறது. அதை உடைக்கும் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நம் கையில் இருப்பவை

இந்தியச் சட்டம் ஒரு விஷயத்தில் கோல்ட்பர்க் தீர்ப்பைவிட ஒரு படி மேலே போகிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையைத் தருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தர வேண்டியதில்லை என்று சொன்ன அந்த நாற்காலி, காகிதத்திலாவது நமக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, சான்றிதழ் தரும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. எதை வைத்து மறுத்தார்கள் என்று கோப்பைக் கேட்டு வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பதில் தர 30 நாள் கெடு.

மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை இது. சேரியில், காலனியில், உதவித்தொகை மறுக்கப்பட்ட ஒருவரையாவது சந்தியுங்கள். மறுத்ததை எழுத்தில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் எழுத்தில் கேட்டு மனுப் போட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது கூடப் போய், என்ன செய்ய முடியவில்லை என்பதை விரிவாக எழுதி வாங்குங்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்று, 12ஆம் பிரிவைச் சொல்லி வழக்கறிஞரைக் கேளுங்கள். பத்துக் கோப்புகள் சேர்ந்ததும் அடுக்கி வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே அச்சு தெரிந்தால், அதற்குப் பிறகு அது பத்துப் பேரின் தனிக் குறையாக இருக்காது.